ரிப்பன் வெட்டிய பிறகு

தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகளில் இரண்டு வசனங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, “நம்ம பள்ளிக்கூடமும் இப்ப டிஜிட்டல் ஆயிடுச்சு.” இன்னொன்று, “யூ.பி.எஸ்.ஆரை எடுத்த அன்னிக்கே பிள்ளைங்க படிப்பு போச்சு.” பல நேரங்களில் இரண்டையும் ஒரே ஆள், ஒரே மேடையில், பொன்னாடை போர்த்திய தோளோடு சொல்லிவிட்டு இறங்குவார். கீழே இருப்பவர்கள் இரண்டுக்கும் கைதட்டுவார்கள்.

கருவி வந்தால் சமத்துவம் வந்துவிடும் என்பது முதல் வசனத்தின் நம்பிக்கை. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்தால் அதுதான் சமத்துவம் என்பது இரண்டாவதன் நம்பிக்கை. மூன்றாம் ஆண்டு முடிந்தும் ஒரு பத்தியைச் சேர்த்து வாசிக்க முடியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை இரண்டு வசனங்களும் பார்க்கவில்லை. நான் இரண்டையும் மறுக்கிறேன்.

முதலில் கருவிகள். நமக்கு ஞாபகமறதி அதிகம் என்பதால் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ‘செக்கோலா பெஸ்தாரி’ எனும் விவேகப் பள்ளிகளின் முன்னோடித் திட்டம் 1999இல் தொடங்கியது. 2011இல் ‘ஒன் பெஸ்தாரிநெட்’ வந்தது. நாட்டின் ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கும் இணையம், கூடவே ‘ஃபுரோக்’ என்ற மெய்நிகர் கற்றல் தளம். இரண்டு ஆண்டு கழித்து, 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை அந்தத் தளத்தின் பயன்பாட்டைச் சோதித்தது. மாணவர், ஆசிரியர், பெற்றோர் என யாருடைய பயன்பாடும் ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2019 நடுவில் திட்டம் முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன.

இருபது ஆண்டு முதலீட்டுக்கு அதுதான் உண்மையான தேர்வு. பள்ளிகள் மூடப்பட்ட தொடக்கத்தில் கல்வி அமைச்சே பெற்றோர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. திறன்பேசி வைத்திருந்தவர்கள் 46 விழுக்காடு. மடிக்கணினி 9 விழுக்காடு. பிறகு ‘டெலிமா’ தளம் வந்தது, அரசு சார்பு நிறுவனங்களின் பணத்தில் ‘செர்டிக்’ திட்டத்தின் வழி 500 பள்ளிகளுக்கு 150,000 கருவிகள் அறிவிக்கப்பட்டன. கொடுத்தது நல்லதுதான். ஆனால் அந்த ஈராண்டுகளில் பாடத்தைத் தூக்கிச் சுமந்தது எது என்று எந்தத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். புலனம். (புலனம் என்று எழுதுகிறோம், வாயில் வாட்சப்தான் வருகிறது.) யாரும் டெண்டர் விடாத, வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு செயலி.

அந்தக் காலத்தில் நானும் சில நண்பர்களும் கெடாவில் ஒரு சிறிய பள்ளியின் பிள்ளைகளுக்குப் பாடத்தில் உதவிக்கொண்டிருந்தோம். “சார், ஃபோன அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு, ராத்திரி அனுப்பறேன்” என்பது தினமும் வரும் குரல்பதிவு. மூன்று பிள்ளைகள், ஒரு ஃபோன், அதில் உடைந்த திரை. மூத்தவளுக்கு எஸ்.பி.எம்., அதனால் அவளுக்கு முதல் உரிமை. கடைக்குட்டி இரண்டாம் ஆண்டு. எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கப் பழக வேண்டிய வயது. அவனுக்கு இரவு பத்தரை மணிக்கு ஃபோன் கிடைக்கும். அவன் தூங்கியிருப்பான். மறுநாள் அக்கா அவனுக்குப் பதில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவாள். ஆசிரியரின் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ‘வருகை’ என்று விழும். இணையத்தில் இருந்தான் என்பது கணக்கில் இருக்கிறது. கற்றானா என்பதற்கு அந்தக் கணக்கில் கட்டமே இல்லை.

இரண்டாம் ஆண்டைத் தொலைத்தவன் மூன்றாம் ஆண்டில் அதைத் திரும்பப் படிப்பதில்லை. நேராக மூன்றாம் ஆண்டுப் பாடநூல்தான் அவன் கைக்கு வருகிறது. பள்ளிகள் மீண்டும் திறந்தபோது நாம் என்ன செய்தோம்? திறன்பலகை வாங்கினோம்.

திறன்பலகையைப் பற்றி ஒரு பொறியியலாளனாகச் சில வார்த்தைகள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறவன் நான். எங்கள் இடத்தில் ஓர் இயந்திரம் வாங்கும்போது அதன் விலை ஒரு வரி மட்டும்தான். பராமரிப்பு, உதிரிப்பாகம், பயிற்சி, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும், ஐந்தாவது ஆண்டில் என்ன செய்வது என்று மீதி வரிகள் நிரம்பிய பிறகுதான் கையெழுத்து விழும். பள்ளிக்கு ஒப்படைக்கப்படும் கருவியில் அந்த மீதி வரிகள் எதுவும் இல்லை. ரிப்பன் இருக்கிறது, பெரிய அட்டையில் அச்சிட்ட மாதிரிக் காசோலை இருக்கிறது. உத்தரவாதம் முடிந்ததும் பலகை சாதாரண வெள்ளைச் சுவராகிவிடும். கணினி அறையின் சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் மாற்றலாகிப் போயிருப்பார். “கெட்டுப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது, பூட்டியே வைங்க” என்கிற எச்சரிக்கை உணர்வும் சேர்ந்துகொள்ளும். அந்த எச்சரிக்கையை நான் கேலி செய்யமாட்டேன். சரக்குப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் அதன் வலி தெரியும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நன்கொடை எங்கே போகிறது? முன்னாள் மாணவர்கள் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் இருக்கும் பட்டணத்துப் பள்ளிக்குப் போகிறது. அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு விருந்து வைத்தால் போதும். நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 150 பேருக்கும் குறைவான மாணவர்கள் கொண்டவை ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்தப்படுகின்றன. நம் பள்ளிகளில் பல அந்த வகைதான். தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் வெளியேறி, இருபது முப்பது பிள்ளைகளோடு, இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் நடத்தும் பள்ளிகளும் அதில் உண்டு. அங்கே விருந்துக்கு மேசை வாங்க யார் இருக்கிறார்கள்? நன்கொடையால் ஓடும் தொழில்நுட்பம், ஏற்கெனவே இருப்பவனுக்கு இன்னும் கொடுக்கிறது. நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறது. ஆனாலும் இடைவெளி கூடுகிறது.

இன்னொரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுதுவதை உலகுக்கே எளிதாக்கியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1980களிலேயே உருவானது. செல்லினம் 2005இலிருந்து இருக்கிறது. அதைப் பெருமையாக மேடையில் சொல்லுவோம். ஆனால் தமிழ்ப்பள்ளிக்கு வந்திறங்கும் கருவியில் தமிழ் விசைப்பலகை இருக்கிறதா, அதில் ஒரு வாக்கியம் அடிக்க ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு யாராவது கற்றுத் தந்தார்களா என்று பார்ப்பதில்லை. நான் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தக் கருவி பார்ப்பதற்கு மட்டுமே. விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். அதில் எழுதலாம் என்பதே அவர்களுக்குச் செய்தி.

இப்போது தேர்வு. இங்கே எதிர்த்தரப்பு பலமானது, அதனால் நிதானமாகப் பேச வேண்டும்.

1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். கடைசியாக நடந்தது 2019இல். 2020இல் கோவிட் காரணமாக ரத்தானது. 2021 ஏப்ரலில் அமைச்சு அதை நிரந்தரமாக எடுத்துவிட்டது. மறு ஆண்டு பி.டி.3யும் போனது. நம் சமூகத்தில் பலருக்கு அது வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி. எட்டு ‘ஏ’ எடுத்த பிள்ளைகளின் படங்கள் நாளிதழின் பக்கம் பக்கமாக வரும். பள்ளி வாசலில் பதாகை தொங்கும். கோயிலில் மாலை விழும். பண்பாட்டு நிகழ்வு என்றே சொல்லலாம். அந்தப் பதாகைகளுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் ஒரு வாதத்தை மட்டும் என்னால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. லாரி ஓட்டும் ஓர் அண்ணன் என்னிடம் சொன்னார்: “தம்பி, என் மகளுக்கு யாரு சிபாரிசு பண்ணுவா? அந்தப் பரீட்சப் பேப்பரு ஒன்னுதான் அவ யாரு மகன்னு கேக்காது.”

சரியான பேச்சு. தாளைத் திருத்துபவருக்கு அவள் எந்தத் தோட்டம், என்ன நிறம், அப்பா யார் என்று தெரியாது. ஏழையின் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு ஒரு கேடயம். வசதியுள்ளவனுக்கு அது இல்லாவிட்டாலும் வேறு கதவுகள் இருக்கின்றன. தேர்வை எடுத்ததும் வடிகட்டுதல் நின்றுவிட்டதா என்ன? முழுத் தங்கும் வசதிப் பள்ளிகளுக்குப் போக பி.கே.எஸ்.கே. என்று தனி மதிப்பீடு இருக்கிறது; அதற்குப் பயிற்சி நூல் வந்துவிட்டது, டியூஷன் வந்துவிட்டது, கட்டணமும் வந்துவிட்டது. அதன் பெயரையே கேள்விப்படாத பெற்றோர் தோட்டப்புறத்தில் இருக்கிறார்கள். அண்ணனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கேடயம் யாரைக் காத்தது? மேலே இருந்த பிள்ளையை. தொழிற்சாலையில் நான் பார்ப்பது கடைசிக் கட்டச் சோதனை. சில்லு எல்லாப் படிகளையும் கடந்து என் மேசைக்கு வரும்போது, நல்லதா கெட்டதா என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். கெட்டதை நல்லதாக மாற்ற என்னால் முடியாது. தரம் என் மேசையில் உருவாவதில்லை. முன்னால், ஒவ்வொரு படியிலும் அளந்து அளந்து சரிசெய்யும் இடத்தில் உருவாகிறது. யூ.பி.எஸ்.ஆர். கடைசிக் கட்டச் சோதனை. பன்னிரண்டு வயதில், ஆறு ஆண்டு முடிந்த பிறகு, “உனக்கு வாசிக்க வரவில்லை” என்று ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுத்தோம். பெரும்பாலும் அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஆசிரியருக்கும் தெரியும். சில்லு என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். இங்கே தூக்கிப் போடப்பட்டது ஒரு பையன். மலாய்மொழியில் போதிய புள்ளி இல்லாமல் புகுமுக வகுப்புக்கு அனுப்பப்பட்டான். ஒரு வருடம் கூடுதலாக, தன்னைவிடச் சின்னவர்களோடு முதலாம் படிவத்தில் உட்கார்ந்தான். பதினைந்து வயதில் கார் கழுவும் கடையில் நின்றான். அவன் படம் எந்த நாளிதழிலும் வரவில்லை.

அப்படியென்றால் இப்போது இருக்கும் வகுப்புசார் மதிப்பீடு போதுமா? காகிதத்தில் அருமையான யோசனை. ஆசிரியர் ஆண்டு முழுக்கக் கவனித்து, ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை கொடுக்க வேண்டும். ஆனால் எந்த அளவுகோலுக்கும் ஓர் அடிப்படை விதி உண்டு: ஒரே பொருளை இரண்டு பேர் அளந்தால் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஒரு பள்ளியின் அடைவுநிலை 4ம் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியின் அடைவுநிலை 4ம் ஒன்றுதானா? என்னிடம் மனம் விட்டுப் பேசிய ஆசிரியர் ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. “2 போட்டா ஏன்னு எழுதணும், என்ன செஞ்சேன்னு எழுதணும், 3 போட்டா யாரும் கேக்க மாட்டாங்க” என்றார் ஒரு டீச்சர். அவரைக் குறை சொல்லாதீர்கள். ஐந்து பாடம், ஒருங்கிணைந்த வகுப்பு, மாலையில் போட்டி விளையாட்டு, இரவில் தரவேற்றம். உண்மையைச் சொன்னால் வேலை கூடும், உதவி வராது என்றால் எந்த மனிதரும் 3 தான் போடுவார். எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே எண்ணைக் காட்டும் வெப்பமானி நம் கையில் இருக்கிறது. அதனால் வெப்பமானியே வேண்டாம் என்கிறது ஒரு கூட்டம். பிணத்துக்கு வைத்துப் பார்க்கும் பழைய வெப்பமானியைக் கொண்டு வா என்கிறது இன்னொரு கூட்டம்.

வேறு வழி இருக்கிறது, அது ஒன்றும் ராக்கெட் இல்லை. இந்தியாவில் ‘பிரதம்’ அமைப்பு 2005இலிருந்து ‘ஏசர்’ என்ற ஆய்வை நடத்துகிறது. தொண்டர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். கையில் ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னக் கதை. பிள்ளை வாய்விட்டு வாசிக்கும். எதுவரை வாசித்தது என்று குறிப்பார்கள். சில நிமிட வேலை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள் என்று ஒரு நாடே நினைத்துக்கொண்டிருந்ததை அந்த ஒற்றைத் தாள் கலைத்துப் போட்டது. தமிழிலும் அந்தத் தாள் உண்டு. தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் உண்மையில் இருக்கும் நிலைக்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்துகிறது. பெயர்கள் அழகாக இருக்கின்றன என்பதற்காகச் சொல்லவில்லை. நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒருவன் நான்காம் வகுப்புத் தரத்தில் இருப்பான் என்ற பொய்யை அது ஒதுக்கி வைக்கிறது. அங்கேயும் செயலியில் மதிப்பீட்டை ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் புலம்பினார்கள். அந்தப் பாடத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்வோம்.

நான் கேட்பது இதுதான். முதல் மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளை வாய்விட்டு வாசிக்கட்டும். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. மலாய் ஏன்? முதலாம் படிவத்தில் அறிவியலும் வரலாறும் அந்த மொழியில்தான் அவன் தலையில் இறங்கப்போகின்றன. பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்துப் பயனில்லை. கேட்பவர் அந்த வகுப்பின் ஆசிரியராக இருக்கக்கூடாது, பக்கத்துப் பள்ளிக்காரராக இருக்கட்டும். லாரி ஓட்டும் அண்ணன் கேட்ட நடுநிலை அங்கே வந்துவிடும். மதிப்பெண் பிள்ளைக்குச் சான்றிதழாகப் போகக்கூடாது, நாளிதழுக்குப் போகவே கூடாது. தொழில்நுட்பம் இங்கேதான் வேண்டும். ஒரு கைப்பேசி, இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் ஒரு படிவம், ஊர் வந்ததும் தானாக ஏறிக்கொள்ளும் தரவு. இதை எழுத என்னைப் போன்ற நான்கு பேர் இரண்டு வார இறுதியில் உட்கார்ந்தால் போதும். ஒரு மாவட்டத்தின் பத்துச் சிறிய பள்ளிகளில், பள்ளிக்கு மூன்று பேர் வீதம், முப்பது பிள்ளைகள் எழுத்து நிலையிலேயே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் ‘மூனு பேருதானே’. சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு வகுப்பு. அந்த வகுப்புக்கு ஒரு சுற்றுலா ஆசிரியரை, அதாவது வாரம் முழுக்கப் பள்ளி பள்ளியாகச் சுற்றி வரும் ஓர் ஆசிரியரை நியமித்துச் சம்பளம் கொடுங்கள் என்று அமைச்சிடமும் நன்கொடையாளரிடமும் கேட்கலாம். திறன்பலகைப் பணத்தில் தாராளமாக முடியும். ஆனால் ஆசிரியருக்கு ரிப்பன் கட்ட முடியாது, அதுதான் சிக்கல்.

இந்த யோசனையைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த மறுப்புகளில் உண்மையில் கனமானது ஒன்றுதான். “இந்தக் கணக்கெல்லாம் வெளிய போனா, தமிழ்ப்பள்ளி தரமில்லன்னு இழுத்து மூடச் சொல்லுவானுங்க.” இது கற்பனைப் பயம் இல்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று வழக்கே போட்டார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நம் பக்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பயத்தோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆனால் அந்தப் பயம் நம்மை என்ன செய்ய வைத்திருக்கிறது? நன்றாகப் படிக்கும் பத்துப் பேரைக் காட்டி, மீதியை மறைத்துப் பழகிவிட்டோம். எட்டு ‘ஏ’ நமக்குக் கேடயம் என்றால், அந்தக் கேடயத்துக்குப் பின்னால் வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறோம். பள்ளியைக் காப்பாற்றும் விலையை அவன் கட்டுகிறான். அவனிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. தவிர, தமிழ்ப்பள்ளிகள் காலியாவது எதிரிகளால் மட்டும் இல்லை. “என் மூத்தவனுக்கு அங்க ஒன்னும் வரல, சின்னவள தேசியப் பள்ளியில போட்டுட்டேன்” என்று சொல்லும் தாய்மார்கள் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. அமைதியாக விண்ணப்பப் பாரத்தை மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

இலக்கிய இதழில் எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நம் கூட்டங்களில் ‘வாசகர்களே இல்லை’ என்று எத்தனை முறை அலுத்துக்கொண்டிருக்கிறோம்! நூல் வெளியீட்டில் முப்பது நாற்காலி நிரம்பினால் மகிழ்ச்சி. சிறுகதைப் பயிலரங்கு, கவிதைப் பயிலரங்கு எல்லாம் நடத்துகிறோம். மூன்றாம் ஆண்டில் ஒரு பத்தியை வாசிக்க முடியாத பையன் முப்பது வயதில் நம் நாவலை வாங்குவான் என்று எந்தத் தைரியத்தில் எதிர்பார்க்கிறோம்? வாசிப்புக்கு முதல் படியான ‘ப’வும் ‘ட’வும் ‘ம்’மும் சேர்ந்து ‘படம்’ ஆகும் அந்த நொடியை நம் இலக்கியச் சூழல் ஆசிரியர்களின் தலைவலி என்று ஒதுக்கி வைத்திருக்கிறது.

கெடாவின் அந்தப் பள்ளியில் நாங்கள் ஒரு தாளைத் தயாரித்து நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தோம். பதினொரு பேர். அதில் மூன்று பேர் சொற்களோடு நின்றுவிட்டார்கள். மூவரில் ஒருவன்தான் அந்த வகுப்பிலேயே தப்லட்டை வேகமாகக் கையாளுபவன். டீச்சருக்கே அவன்தான் ஒலியைச் சரிசெய்து கொடுப்பான். படக்குறிகளைப் பார்த்தே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறான். வாசிக்கத் தெரியாது என்பதைக் கருவி அவ்வளவு அழகாக மறைத்திருந்தது. மற்ற இருவரில் ஒருத்திக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, அவ்வளவுதான். நான்காம் ஆண்டுவரை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பத்தியை வாசி என்று தனியாக யாரும் கேட்டிருக்கவில்லை. கண்ணாடி வந்த இரண்டு மாதத்தில் பத்தியைத் தாண்டிவிட்டாள். மூன்றாமவனுக்கு இன்னும் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மலாய்த் தாளைச் சரிபார்க்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் இருப்பவர்கள், சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நேரம் இருந்தால், சொல்லுங்கள். தாளை நகலெடுக்கும் செலவு எங்களுடையது.